படைப்பும் உழைப்பும்: தத்துவ போதகரின் ஞானோபதேசம் பற்றிய ஒரு நோக்கு

தமிழ் உரைநடையின் தோற்ற வளர்ச்சியை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வீரமாமுனிவரிலிருந்து ஆறுமுக நாவலருக்கு ஒரே பாய்ச்சலாகச் சென்றுவிடுவர். இவ்விருவருக்கும் முன்னரே நீண்ட தருக்க உரைநடையை நூலளவில் கையாண்டவர் தத்துவ போதகர் எனப்படும் றொபேட்டோ டி நொபிலி (1577–1656). அவ்வரலாறுகளில் அவருக்குக் கிடைப்பன இரண்டு வாக்கியங்கள். அவற்றுள் ஒன்று அவரது வடமொழிக் கலப்பைக் கண்டிப்பதாக இருக்கும். சமயப் பற்றுடைய எழுத்தாளர் அவரைப் போற்றுகின்றனர். ஆயின் அவர் உடுத்த காவியையும் பூசிய சந்தனத்தையும் பற்றிப் பேசுமளவிற்கு அவர் எழுதியவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. முற்போக்கு விமர்சகர் பலர் சமய நூல் என்ற ஒரே காரணத்தால் அதனைத் தொடாமலே விட்டனர். சித்தாந்த சாத்திரங்களைச் சமூகவியல் நோக்கில் ஆராய்வது முறையெனின், கிறித்தவத் தருக்க நூலொன்றை அவ்வாறு ஆராயாது விடுவதற்கு நியாயம் எதுவுமில்லை.

நொபிலியின் ஞானோபதேசம் என்னும் பெருநூலில், வேதவாக்கின் துணையை நாடாது, உலகையும் மனித அறிவையும் மட்டுமே சான்றாகக் கொண்டு கடவுள் உண்டு என நிறுவ முயலும் பகுதி ஒன்று உண்டு. இம்முறையினை இயற்கை இறையியல் என்பர். அப்பகுதியின் கருத்துநிலையே இக்கட்டுரையின் பொருளாகும். அதனை ஆராய்வதற்கு மலையகத்தை, சிறப்பாக ஹற்றனுக்கு இப்பாலுள்ள வட்டவளைப் பிரதேசத்தை, உரைகல்லாகக் கொள்கிறோம். மதுரையில் உருவாகி மலையாளக் கரையில் அச்சேறிய நூலுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு இருவகைத்து. அந்நூலின் இறைக்கொள்கை சுருங்கிய வடிவில் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. இது வரலாற்றுத் தொடர்பு. படைக்கப்பட்டதைக் கண்டு படைத்தவனை உணர்க என்னும் அதன் அடிப்படை வாதம், மனிதக் கைகளால் அடியோடு மாற்றியமைக்கப்பட்ட ஒரு மலைநாட்டில் எவ்வாறு நிற்கும் என்பது தருக்கத் தொடர்பு. இரண்டாவதே நமக்கு முக்கியமானது.

முதலில் நூலின் அச்சு வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் தமிழ் அச்சேறியது. தமிழ் எழுத்திலேயே அமைந்த அச்சு நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் முந்தியது, அன்றீக்கு அன்றீக்கசு அடிகள் 1578இல் கொல்லத்தில் வெளியிட்ட தம்பிரான் வணக்கம். அது பதினாறே பக்கங்களைக் கொண்டது. அடுத்த ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கமும், 1586இல் அடியார் வரலாறும் வெளிவந்தன. இவற்றைப் பற்றிய உணர்வைத் தமிழுலகிற்கு மீட்டுத் தந்தோருள் பேராதனையில் ஆசிரியராயிருந்த தனிநாயகம் அடிகளுக்குத் தனியிடம் உண்டு. ஐரோப்பிய நூலகங்களில் தேடியலைந்த அவரது உழைப்பின்றி நம் அச்சு வரலாறு இன்னும் தரங்கம்பாடியிலிருந்தே தொடங்கிக்கொண்டிருக்கும்.

நொபிலியின் ஞானோபதேசம் அவர் வாழ்நாளில் ஏட்டிலும் கையெழுத்திலுமே வழங்கிற்று. அவர் இறந்து ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின்னர், 1670களின் பிற்பகுதியில், மலையாள நாட்டு அம்பலக்காட்டில் இயேசு சபையார் அமைத்திருந்த அச்சகத்தில் அது அச்சேறிற்று. அவ்வச்சகத்தின் மற்றொரு வெளியீடான அந்தாம் தெ புரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி (1679) வத்திக்கானில் இருந்த ஒரே படியினால் உயிர் தப்பி, தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்புப் பெற்றது. ஞானோபதேசத்தையும் நொபிலியின் ஏனைய நூல்களையும் இன்றைய வாசகன் கையிலெடுக்கக் கூடியதாயிருப்பது, 1960களில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக இராசமாணிக்கம் அடிகள் செய்த பதிப்புகளினாலேயே.

அம்பலக்காட்டு அச்சு பற்றி இன்னுமொரு செய்தி உண்டு. அங்குப் பயன்பட்ட தமிழ் எழுத்துகளை மரத்தில் செதுக்கியவன் இக்நாத்தியுசு ஐச்சாமணி என்னும் உள்ளூர்க் கைவினைஞன். நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து எழுதிய பவுலீனுசு பாதிரியார் போகிற போக்கில் குறித்துவைத்ததனாலேயே அவன் பெயரை நாம் அறிவோம். ஆக்கப்பட்ட பொருளைக் காணும்போது ஆக்கியவனை வினவுக என்று பக்கம் பக்கமாக வற்புறுத்தும் நூல் அது. அந்நூலின் ஒவ்வோர் எழுத்தையும் கையால் ஆக்கியவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரு வரி. இதனை நூலாசிரியரின் குற்றமாக நாம் கூறவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளாகியிருந்தன. ஆயினும் இவ்வினா எங்கே எழுப்பப்படுகிறது, எங்கே எழுப்பப்படாமல் விடப்படுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

தம்பிரான் வணக்கத்திற்கும் ஞானோபதேசத்திற்கும் இடைப்பட்ட வேறுபாட்டை நடை வேறுபாடாக மட்டும் காண்போர் உளர். முன்னது கடற்கரைப் பேச்சு வழக்கை ஒட்டியது. பின்னது வடமொழிச் சொல் மலிந்தது. இவ்வளவில் நின்றுவிட்டால் உண்மை நழுவிவிடும். அன்றீக்கசு எழுதியது முத்துக்குளித்துறைப் பரதவருக்கு. அவர்கள் 1535–37 காலப்பகுதியில், தம் தொழிலையும் கடலையும் பகைவரிடமிருந்து காத்துக்கொள்ளும் பொருட்டுப் போர்த்துக்கேயருடன் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள். கடவுள் உண்டா என்ற வினா அங்கு எழவில்லை. வேண்டியிருந்தது மனனம் செய்யத்தக்க ஒரு சிறு கைநூல். போர்த்துக்கேயக் கப்பல் இருந்த இடத்தில் தருக்கத்திற்குத் தேவை இருக்கவில்லை என்று கூறின் மிகையாகாது.

1606இல் மதுரை வந்த நொபிலியின் நிலை வேறு. உள்நாட்டில் நாயக்கர் ஆட்சி. போர்த்துக்கேயரின் ஆணை அங்குச் செல்லாது. பறங்கி என்ற சொல் இழிசொல்லாக வழங்கிய சூழல். அவர் எதிர்கொண்டோர் சாத்திரப் பயிற்சி மிக்க பார்ப்பனரும் வேளாளரும். கட்டளையிடும் வலிமை இல்லாத இடத்தில் வாதிட்டுத்தான் ஆகவேண்டும். எனவே அக்குவைனாசு தோமாவின் தருக்கம் தமிழில் இறங்கிற்று. வேதத்தை ஏற்காதவனிடம் வேதத்தைக் காட்டிப் பயனில்லை. இருவருக்கும் பொதுவான அறிவொன்றே அங்குத் துணை. இயற்கை இறையியல் மதுரையில் தோன்றியதற்கு இதுவே சமூக அடிப்படை.

இத்தேவை தமிழுக்கு நன்மை செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. உரையாசிரியர் மரபில் உரைநடை மூலத்தின் நிழலாகவே நின்றது. ஒரு சூத்திரத்தையோ செய்யுளையோ சார்ந்தே அது நடந்தது. நொபிலியிடம் அது தன் காலில் நின்று, கூற்றை முன்வைத்து, தடையை எழுப்பி, விடையைக் கூறி, அதிலிருந்து அடுத்த கூற்றுக்கு நகர்கின்றது. தடை விடை முறை நம் உரைமரபிலும் உள்ளதே. ஆனால் மூலநூல் ஒன்றைச் சாராது, கேட்போன் எவனாயினும் அவனது அறிவுக்கே முறையிடும் போக்கு புதியது. அவரது வடமொழிக் கலப்பைக் கண்டிப்போர், அவர் யாரை நோக்கி வாதிட்டார் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. அது சுவைக் குறைவின் விளைவன்று. வர்க்கச் சார்பின் விளைவு. தம்பிரான் என்னும் நிலவுடைமைச் சொல் சர்வேசுரன் என்னும் தத்துவச் சொல்லுக்கு இடம்விட்டதும் இக்காரணம் பற்றியே.

இனி வாதத்திற்கு வருவோம். உலகில் உள்ளன தோன்றுகின்றன, மாறுகின்றன, அழிகின்றன. தோன்றுவது தானே தோன்றாது, காரணம் வேண்டும். காரணங்களின் தொடர் முடிவின்றிப் பின்செல்ல இயலாது. ஆகவே பிறிதொன்றால் ஆகாது தன்னாலேயே உள்ள முதற்காரணம் ஒன்று உண்டு. உலகின் ஒழுங்கு அக்காரணம் அறிவுடையது எனக் காட்டும். சுருங்கக் கூறின் இதுவே வாதம்.

மதுரைச் சைவனுக்கு இதிற் பெரும்பகுதி புதிதாக இருந்திராது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் முதற் சூத்திரத்திலேயே, தோற்றமும் நிலைபேறும் அழிவும் உடைய உலகம் ஒருவனால் ஆக்கப்பட்டதாதல் வேண்டும் என வாதிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தமிழில் இயற்கை இறையியல் இருந்தது என்பதே உண்மை. வேறுபாடு நுண்ணியது, நம் ஆய்வுக்கு அதுவே உயிரானது. சித்தாந்தி குயவனை உவமை கூறுவான். குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அவ்வாறே உலகிற்கு மாயை, சத்தி, சிவன். நொபிலியின் கடவுளுக்கோ மண்ணும் வேண்டா, திரிகையும் வேண்டா. இல்லாமையிலிருந்து, நினைத்த மாத்திரத்தில், எல்லாவற்றையும் உண்டாக்குபவர் அவர். பிறிதொரு பொருளைச் சார்ந்து ஆக்குபவன் முழு முதல்வனாகான் என்பது கிறித்தவத் தருக்கம். தருக்க அளவில் இது வலிமையுடையதே.

ஆனால் இவ்விரண்டு உருவகங்களும் எங்கிருந்து வந்தன? குயவன் உவமையில் உழைப்பு இருக்கிறது. கையும் கருவியும் கருப்பொருளும் இருக்கின்றன. கருப்பொருள் தன் தன்மையால் ஆக்குவோனைக் கட்டுப்படுத்துவதும் இருக்கிறது. இல்லாமையிலிருந்து படைத்தல் என்பதில் எஞ்சுவது ஆணை ஒன்றே. சொல்ல ஆகிறது. இது பேரரசனின் உருவம். தன் கையால் எதையும் செய்யாது, செய்க என்று கூறுவதாலேயே செய்தவனாகக் கருதப்படுபவனின் உருவம். இதனால் சித்தாந்தம் உழைப்போரின் தத்துவமாகிவிடுமா எனின், ஆகாது. குயவனை இறைவனுக்கு உவமையாக்கிய கோயிற் சமுதாயம், அக்குயவனைத் தன் சாதிப் படிநிலையில் கீழேயே வைத்திருந்தது. உவமையில் உயர்வு, வாழ்வில் தாழ்வு. ஆயினும் உழைப்பு முற்றாக மறைந்துபோகாத ஓர் உருவகம் அங்கிருந்தது என்பதையும், மதுரை விவாதத்தில் அது தோற்கடிக்கப்பட வேண்டிய ஒன்றாகக் கருதப்பட்டது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.

நொபிலியின் சிந்தனையிலுள்ள முரண்பாடு மறுபிறப்பை மறுக்குமிடத்தில் வெளிப்படையாகின்றது. இப்பிறப்பின் ஏற்றத்தாழ்வுகளுக்கு முற்பிறப்பின் வினையே காரணம் என்பதை அவர் ஒவ்வொரு கூறாக எடுத்து மறுக்கிறார். ஒடுக்கப்பட்டவனிடம் நீ முன்செய்த பாவத்தின் பயனை நுகர்கிறாய் என்று கூறிவந்த சமுதாயத்தில் இம்மறுப்பு எத்துணை வெடிப்பாற்றல் உடையது! வினைக்கோட்பாட்டின் மீது தமிழ் உரைநடையில் தொடுக்கப்பட்ட முதற் பெருந் தாக்குதல் இது என்று கருதலாம். வினை காரணமன்றெனின் ஏற்றத்தாழ்வுக்கு எதுதான் காரணம்? இவ்வினாவின் வாயிலில் நின்றவர் உள்ளே நுழையவில்லை. மக்கட் கூட்டம் நடைபெறப் பல நிலையும் பல தொழிலும் வேண்டும், ஆள்வோரும் ஆளப்படுவோரும் வேண்டும், ஓர் உடம்பில் உறுப்புகள் வேறுபடுவதைப் போல என்ற பழைய விடையை அவர் தருகிறார். வினை வெளியேற்றப்பட்ட இடத்தில் இறைவனின் அமைப்பு வந்து அமர்கின்றது.

அவரது நடைமுறையும் இதற்கியைந்ததே. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியன சமயச் சின்னங்களல்ல, குடிமை வழக்கங்களே என்று அவர் உரோமைக்கு எழுதி வாதிட்டார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றை நிபந்தனையுடன் அனுமதித்தார். 1640 அளவில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்ற தனிப்பிரிவினர் தோன்றினர். சத்தியம் எல்லார்க்கும் பொது, அதனைப் பெறும் வாயில்கள் மட்டும் வெவ்வேறு என்றாயிற்று. எந்த மனிதனும் தன் அறிவால் உணரத்தக்க கடவுளை நிறுவிய அதே கை, எந்த மனிதனும் ஒன்றாக அமரும் கோயிலை நிறுவவில்லை. இதனை அவரது தனிமனிதக் குறையாகக் கொள்ளுதல் வரலாற்று நோக்காகாது; நாயக்கர் கால நிலவுடைமை உறவுகளுக்குள் மேலிருந்து கீழ்நோக்கிப் பரவ முற்பட்ட ஒரு சமயத்திற்கு இருந்த எல்லை அது.

தம் முதுமையில் நொபிலி யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்டுச் சிலகாலம் அங்கிருந்தார். பின் மயிலாப்பூர் சென்று 1656இல் மறைந்தார். இரண்டாண்டுகளில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. கண்டி அரசின் நிழலில் யாக்கோமே கொன்சால்வெசு (1676–1742) சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய நூல்கள் கையெழுத்துப் படிகளாகவே பரவின. அது தனியே ஆராயத்தக்கது.

இயற்கை இறையியல் மீண்டும் வலிமையுடன் தமிழில் தலைகாட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலேயே. ஆனால் அதன் தன்மை மாறிவிட்டது. வில்லியம் பேலி 1802இல் வெளியிட்ட நூலில், தரையில் கிடக்கும் கைக்கடிகாரத்தைக் கண்டால் அதனைச் செய்த வினைஞன் உண்டென உணர்வோம் என்று வாதிட்டிருந்தார். குயவனும் அரசனும் போய்க் கடிகாரம் வந்தது. கைத்தொழிற் புரட்சியின் கடவுள் பொறியியலாளர். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் அமெரிக்க மிஷனரிமார் வானியலையும் கிறித்தவ சமயச் சான்றுகளையும் ஒருசேரக் கற்பித்தனர். 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பஞ்சாங்கக் கணிப்பு ஒருவாறும் டானியல் பூவரின் கணிப்பு வேறொருவாறும் கூற, பின்னதே சரியாயிற்று. அதனை அவர் வான்கணிதத்தின் வெற்றியாக மட்டும் கொள்ளாது தம் சமயத்தின் வெற்றியாகவும் காட்டினார். கிரகணக் கணிப்புக்கும் திரித்துவத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்க யாழ்ப்பாணத்தவர் சிலர் அப்போதே அறிந்திருப்பர். எவ்வாறாயினும், மதுரையில் விவாதமாக இருந்தது இங்குப் பாடமாயிற்று. ஆட்சி பின்னால் நின்றது. தேர்வு முன்னால் நின்றது. உத்தியோகம் அதற்கும் முன்னால் நின்றது.

மலையகத்திற்கு வந்தபோது அது இன்னும் ஒருபடி இறங்கிற்று. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் திரட்டப்பட்ட திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகள் பழைய மதுரை மிஷனின் களமேயாகும். வந்தோருள் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுட் சிறுபான்மையோர் கத்தோலிக்கர். அவர்கள் மனனத்தில் கொண்டுவந்தது சர்வேசுரனின் ஆறு இலட்சணங்கள்: பிறரால் ஆகாது தாமாகவே உளராதல், ஆதியந்தம் இன்மை, உடலின்மை, எல்லா நன்மையும் அளவின்றி உடைமை, எங்கும் நிறைந்திருத்தல், அனைத்திற்கும் காரணமாதல். ஞானோபதேசத்தில் தடைவிடைகளோடு விரியும் இறைக்கொள்கையின் எலும்புக்கூடு இது. வாதம் உதிர்ந்து முடிவு மட்டும் எஞ்சிற்று. உபதேசியார் கேட்பார், பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். ஏன் என்று கேட்பதற்காக எழுதப்பட்ட நூல், ஏன் என்று கேளாது ஒப்புவிக்கும் பாடமாக முடிந்தது.

சீர்திருத்தத் திருச்சபையின் பணியும் உடன் நடந்தது. தோட்டத் துரைமாரின் ஆதரவுடன் 1854இல் தொடங்கப்பட்ட அமைப்புக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர். ஆன்மாவை இரட்சிக்க வந்த இயக்கம், அவ்வான்மா எவ்வகைச் சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பெயர்ப்பலகையிலேயே எழுதிக்கொண்டது. 1869இல் ஆபிரகாம் யோசேப்பு வெளியிட்ட கோப்பிக் கிருஷிக் கும்மி மலையகத் தோட்டவாழ்வு பற்றி அச்சேறிய மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று. அதில் தோட்ட வேலையின் ஒழுங்கு நிருவாகத்தின் கண்கொண்டே பாடப்படுகின்றது. அதே ஆண்டிலேயே கோப்பியை அழிக்கவிருந்த இலைநோய் இலங்கையில் கண்டறியப்பட்டது என்பது வரலாற்றின் குறும்பு.

இவ்விடத்தில் வட்டவளைக்கு வருவோம். நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் பாதையில், மேற்குச் சரிவில் அமைந்தது இப்பிரதேசம். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரம் மலைச்சுவரில் மோதி மேலெழுந்து குளிர்ந்து இங்குக் கொட்டுகின்றது. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை. இலங்கையில் மிகுதியாக மழைபெறும் இடங்களுள் இதுவும் ஒன்று. மழையைக் கடவுளின் பராமரிப்புக்குச் சான்றாகக் காட்டுவது இயற்கை இறையியலின் நெடுநாள் வழக்கம். வட்டவளை மழை எதற்குச் சான்று? கொழுந்துக்கு அது வளர்ச்சி. ஸ்டோருக்கு அது நிறை. கொழுந்தெடுப்பவளுக்கு அது இடுப்பிற் கட்டிய படங்கை மீறி ஊறும் ஈரம், காலில் ஏறும் அட்டை, நிறை குறைந்த நாளில் அரைப்பேர். மழைக்குப் போர்த்த கம்பளி கூட அக்காலத்திற் கணக்கில் எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஒரே மழை இருவருக்கு இருவேறு பொருள் தருகிறதெனின், பொருள் மழையில் இல்லை. உற்பத்தி உறவுகளில் இருக்கின்றது.

அதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இங்குக் காணும் பசுமை இயற்கையன்று. காடு வெட்டப்பட்டு, எரிக்கப்பட்டு, சரிவு தோறும் கான் வெட்டப்பட்டு, செடி நடப்பட்டு, காலம் தவறாது கவ்வாத்துச் செய்யப்பட்டு, மரமாக வளரவேண்டிய ஒன்று இடுப்பளவிற் பலகைபோல் நிறுத்தப்பட்ட காட்சி அது. 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த இருப்புப்பாதை 1884இல் வட்டவளை வழியாக ஹற்றனை எட்டியதும் இவ்வாறே பாறையைக் குடைந்துதான். ஓர் அங்குலமும் கைபடாததில்லை. சுற்றுலா வருவோர் இன்றும் இதனை இயற்கை எழில் என்கின்றனர். ஒழுங்கைக் கண்டு ஒழுங்கமைத்தவனை வினவுக என்ற நொபிலியின் கட்டளையை இங்கு நேர்மையாகப் பின்பற்றினால் விடை விண்ணில் கிடைக்காது, லயத்திற் கிடைக்கும்.

தோட்ட முதலாளித்துவத்தின் வரலாற்று நூல்கள் அவ்விடையைத் தவிர்த்தன. முன்னோடித் துரைமார் வெறுங்காட்டிலிருந்து தோட்டங்களை உருவாக்கினர் என்பதே அவற்றின் மொழி. இல்லாமையிலிருந்து, ஆணையினால், படைத்தல்! படைப்பதற்கு முன் இல்லாமை ஒன்று வேண்டுமல்லவா? அதனைச் சட்டம் வழங்கிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம் யாவும், மறுதலை நிறுவப்படாத வரையில், முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்றது. கண்டிச் சிங்கள விவசாயியின் சேனையும் மேய்ச்சற் காடும் ஒரே வரியில் இல்லாமையாயின. சித்தாந்தியின் குயவன் மண்ணுக்கும் கடமைப்பட்டவன். துரைக்கோ மண்ணும் இல்லை, கையும் இல்லை, ஆணை மட்டுமே உண்டு. காலனித்துவம் நொபிலியைப் படித்து இதனைச் செய்தது என்று நாம் கூற வரவில்லை. உழைப்பை நீக்கிவிட்டுப் படைப்பைச் சிந்திக்கப் பழகிய ஒரு கருத்துநிலை, தோட்டத்திற் தன் உருவத்தை எளிதாகக் கண்டுகொண்டது என்கிறோம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இத்தருக்கத்தைத் தலைகீழாக்கிற்று; இருந்த மக்களைச் சட்டத்தின் ஒரு சொல்லால் இல்லாதவராக்கிற்று. அவ்வில்லாமையைச் சட்ட அளவில் நீக்க 2003 வரை செல்ல நேர்ந்தது.

மார்க்ஸ் மூலதனத்தின் முதற் தொகுதியில் தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிடுவார். தேனீயின் கூடு எத்துணை நேர்த்தியுடையதாயினும், மிக மோசமான கட்டடக் கலைஞனும் தான் கட்டப்போவதை முன்னரே மனத்தில் கட்டிவிடுவதால் அதனின் வேறுபடுகிறான் என்பது அவர் கருத்து. இயற்கை இறையியலாளர் தேனீயின் கூட்டில் கடவுளின் திட்டத்தைக் கண்டனர். மார்க்ஸ் திட்டத்தை உழைப்பவனிடம் திருப்பித் தந்தார். அந்நூல் வெளிவந்த 1867இலேயே லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கப்பட்டது. தோட்டம் செய்ததோ, மார்க்ஸ் காட்டிய மனித இயல்பையே பிளந்தது. திட்டம் பங்களாவிலும் கை மலையிலும் பிரிக்கப்பட்டன. இரண்டையும் இணைத்தது விடியலில் ஒலித்த தப்பும் பிரட்டுக்களமும். பேலியின் கடிகாரம் துரையின் சட்டைப்பையில் இருந்தது.

இவ்விவாதம் ஏட்டளவில் முடிவதன்று. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டபோது, இயற்கையின் சீற்றம் என்றனர்; இறைவன் சித்தம் என்றனர். அம்மலை சரியக்கூடியது என்ற எச்சரிக்கை முன்னரே வழங்கப்பட்டிருந்தது. செல்வதற்கு மாற்றுக் காணியும் வீடும் மக்களிடம் இல்லை. எந்த மலையில், எச்சரிவில், எவருடைய லயம் அமையும் என்பதை மேகம் தீர்மானிக்கவில்லை. காரணங்களின் தொடரை இறுதிவரை பின்தொடர வேண்டும் என்பது நொபிலியே கற்பித்த முறை. அதனைக் கடவுள் வரை ஒரே தாவலாகத் தாவாது, இடையிலுள்ள ஒவ்வொரு கண்ணியிலும் நின்று கேட்பதே ஆய்வாளர் கடன். காணி யாருடையது, லயத்தைக் கட்டியவர் யார், எச்சரிக்கை எந்த மேசையில் கிடந்தது என்று கேட்கும்போது இயற்கை இறையியலின் முறை அதன் முடிவுக்கு எதிராகவே திரும்பிவிடுகின்றது.

அவ்வாறு கேட்டோர் மலையகத்தில் இருந்தனர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் நூலாக வந்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் மலையும் மழையும் பனியும் வாராத பக்கம் அரிது. அவை படைத்தவன் புகழைப் பாடுவதும் அரிது. கோப்பி பிடுங்கிய கையும், கங்காணியின் பிரம்பும், ஊரில் விட்டுவந்த உறவும், மண்ணுக்குள் போனவர்களும் அங்கு இயற்கையோடு கலந்தே வருகின்றனர். தேயிலையின் பசுமைக்கு அடியில் மாண்டோரின் உடல் இருக்கிறது என்னும் உணர்வு, வேலுப்பிள்ளையின் ஆங்கில நெடுங்கவிதையான இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே என்பதற்கும் உயிர்நாடியாகும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட பெண்கள் கட்டிய பாடல்களிலே, ஆக்கப்பட்ட பொருளிலிருந்து ஆக்கியவருக்குச் செல்லும் பாதை இடையில் அறுபடவில்லை.

ஞானோபதேசத்தின் அம்பலக்காட்டு அச்சையும் அதற்கு முந்திய கையெழுத்துப் படிகளையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் பணி பெரிது. அதனோடு வேறொரு பணியையும் இணைத்துச் செய்தல் வேண்டும் என்பது நம் கருத்து. நாவலப்பிட்டி முதல் ஹற்றன் வரையுள்ள தோட்டக் கோயில்களில் உபதேசிமார் விட்டுச்சென்ற குறிப்பேடுகளும் மனனப் பாடங்களும் எஞ்சியிருப்பின் அவற்றைச் சேகரித்து, எந்தெந்த இலட்சணம் எவ்வாறு சொல்லித்தரப்பட்டது, பிள்ளைகள் எவ்விடத்தில் வேறுசொல் பெய்து ஒப்புவித்தனர் என்பதைப் பாடல்களுக்கு அருகில் வைத்து நோக்குதல் வேண்டும். வட்டவளையின் ஈரம் தாளை அதிக காலம் விட்டுவைப்பதில்லை.